ஏழே முக்காலுக்குப் பூட்டும் கேட்: எங்கள் பள்ளிக்கு எந்த விதிமுறை?

எங்கள் பள்ளியில் காலை ஏழே முக்காலுக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பிப்ரவரி மாதத்து வெயில் அந்த நேரத்திலேயே சுள்ளென்று அடிக்கும். மகன் மறந்துவிட்டுப்போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கப் போனபோது, கேட்டுக்கு வெளியே பதினோரு பிள்ளைகள் நின்றிருந்தார்கள். விசாரித்தால் எட்டுப் பேர் பாட்டில்பிரஷ் குடிசைப் பகுதியிலிருந்து டாக்ஸியில் வருகிறவர்கள். இங்கே டாக்ஸி என்றால் பதினைந்து பேரை ஏற்றும் வேன். ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். பிள்ளை எத்தனை மணிக்கு எழுந்தாலும், டாக்ஸி எப்போது நகரும் என்பது பிள்ளையின் கையில் இல்லை.

அதில் ஒரு சிறுமிக்குப் பதின்மூன்று வயது இருக்கும். சுவரில் சாய்ந்து, முழங்கால்மேல் நோட்டை விரித்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "ஆன்ட்டி, நீங்க உள்ளே போனா சார்கிட்ட சொல்வீங்களா? முதல் பீரியட் எனக்கு டெஸ்ட்" என்றாள். சொன்னேன். ஆனால் கேட் எட்டரைக்குத்தான் திறந்தது. டெஸ்ட் முடிந்துவிட்டிருந்தது. அவளுக்குச் சுழியம் போட்டார்கள்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள இந்தப் பள்ளியின் ஆட்சிக்குழுவில் நான் பெற்றோர் உறுப்பினர். நடத்தை விதிகளைத் திருத்தி எழுதும் வேலை இப்போது எங்கள் முன்னால் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம் இந்தப் பொறுப்பை ஆட்சிக்குழுவிடம் கொடுத்திருக்கிறது. மாணவர், பெற்றோர், ஆசிரியர் மூன்று தரப்பையும் கலந்து பேசிய பிறகே விதிகளை ஏற்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதனால்தான் எங்கள் மேசையில் உள்ள மூன்று வரைவுகளையும் ஒப்பிட்டு, மற்ற பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

முதல் வரைவு புள்ளி முறை. தாமதத்துக்கு 2 புள்ளி, சீருடைக் குறைக்கு 3, போனுக்கு 5, எதிர்த்துப் பேசினால் 10. முப்பது சேர்ந்தால் பள்ளியிலிருந்து தற்காலிக நீக்கம். விலக்கு கிடையாது. இரண்டாவது, தவறு செய்தவரையும் பாதிக்கப்பட்டவரையும் உட்கார வைத்துப் பேசித் தீர்க்கும் முறை. மூன்றாவது, நான்கு பெரிய குற்றங்களுக்கு மட்டும் கறாரான நடவடிக்கையை வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் பிள்ளையைப் பள்ளிக்குள் வைத்தே சரிசெய்வது.

பிரம்பை நான்காவது வழியாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு ஆயா, "எங்க காலத்துல ரூலர் விளிம்பால மொளியில அடிப்பாங்க, நாங்க படிக்கலையா?" என்று கேட்கிறார். நான் தஞ்சாவூர்ப் பக்கம் நான்கு வருஷம் ஆசிரியையாக இருந்தவள். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்" என்று சொல்லிப் பிள்ளையை விட்டுப்போகும் அப்பாக்களை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு பையனை ஸ்கேலால் அடித்தும் இருக்கிறேன். அவன் அதற்கப்புறம் என் வகுப்பில் கையே தூக்கவில்லை. விடை தெரிந்த நாட்களிலும் தூக்கவில்லை. அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

எப்படியும் இங்கே அந்தக் கதவு மூடியாகிவிட்டது. அதே 1996 சட்டத்தின் பத்தாம் பிரிவு பள்ளியில் அடிப்பதைக் குற்றமாக்கியது. 196 கிறிஸ்தவத் தனியார் பள்ளிகளின் சங்கம் ஒன்று மத நம்பிக்கையைக் காட்டி விலக்குக் கேட்டது. 2000இல் அரசியலமைப்பு நீதிமன்றம் மறுத்துவிட்டது. 2019இல் அதே நீதிமன்றம், வீட்டில் அடித்த பெற்றோர் 'மிதமான கண்டிப்பு' என்று சொல்லித் தப்பிக்கிற பழைய சட்ட வாதத்தையும் நீக்கியது. ஆகவே பிரம்பைப் பற்றிய பேச்சில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

சரி, புள்ளி முறைக்கு வருவோம். அதைக் கேட்கிறவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. இந்த ஊரில் 'ஷுகர்ஸ்' என்று சொல்லும் ஹெராயின் கலவை எத்தனை வீடுகளைக் குலைத்துப்போட்டது என்று இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். டிவி, கேஸ் சிலிண்டர், அம்மாவின் தாலிக்கொடி என்று வீட்டில் இருந்ததையெல்லாம் விற்றுத் தின்ற பிள்ளைகளைப் பெற்றவர்கள் பள்ளிக் கூட்டத்தில் எழுந்து நின்று, "ஆரம்பத்துலயே கட்டுப்படுத்தியிருந்தா" என்று அழும்போது எனக்கும் தொண்டை அடைக்கும். நாற்பதுக்கு மேல் பிள்ளைகள் உள்ள வகுப்பில் மூன்று பேர் போடும் சத்தத்தில் மற்றவர்கள் பாடம் கேட்க முடியாமல் போவதும் உண்மை. புள்ளி முறையில் ஒரு தெளிவு இருக்கிறது. எதற்கு என்ன தண்டனை என்று எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். 'வாத்தியாருக்குப் பிடித்த பிள்ளை' என்ற பேச்சு எழாது. ஆசிரியர்களுக்கும் நேரம் மிச்சம்.

கறாரான பள்ளிகள் நன்றாகப் படிக்க வைப்பதில்லை என்றும் சொல்ல முடியாது. லண்டனில் 2014இல் தொடங்கிய மிக்கேலா பள்ளியில் நடைக்கூடத்தில் பேசவே கூடாது. அங்கே தேர்வு முடிவுகள் மிக நன்றாக வருகின்றன. ஆனால் அது பெற்றோர் தேடிப்போய்ச் சேர்க்கிற பள்ளி. விதிகளோடு, நுணுக்கமாகத் திட்டமிட்ட பாடங்களும் அதற்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் சேர்ந்து வருகிறார்கள். அந்த முடிவுகளில் எது மௌனத்தால் வந்தது, எது பாடத்தால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். அங்கிருந்து மௌனத்தை மட்டும் பிய்த்துக்கொண்டு வந்து இங்கே ஒட்டினால் அந்த மார்க் வந்துவிடாது.

நம்மைப் போன்ற, அந்தந்த வட்டாரப் பிள்ளைகள் எல்லாரும் வரும் பள்ளிகளில் கடும் விதிகள் என்ன செய்கின்றன? இதை நீண்ட காலம் பார்த்தவர்கள் அமெரிக்கர்கள். 1994இல் துப்பாக்கியோடு வரும் மாணவனை நீக்கச் சட்டம் போட்டார்கள். 'துளியும் பொறுக்க மாட்டோம்' என்ற அந்த மனப்பாங்கு மெல்ல மெல்லச் சத்தம் போடுவதற்கும் சீருடைக்கும் பரவியது. டெக்சாஸில் கிட்டத்தட்ட பத்து லட்சம் மாணவர்களை ஏழாம் வகுப்பிலிருந்து தொடர்ந்து கவனித்து 2011இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பத்துப் பேரில் ஆறு பேர் ஒரு முறையாவது வகுப்பிலிருந்தோ பள்ளியிலிருந்தோ நீக்கப்பட்டிருந்தார்கள். சட்டப்படி கட்டாயம் நீக்கியே ஆக வேண்டும் என்ற குற்றங்களுக்கான நடவடிக்கை அதில் வெறும் 3 சதவீதம். மற்றதெல்லாம் பள்ளிகள் தாங்களாக எடுத்த முடிவு. நீக்கப்பட்டவர்களில் 31 சதவீதம் பேர் ஒரு வருஷமாவது அதே வகுப்பில் திரும்ப உட்கார்ந்தார்கள். எந்த நடவடிக்கைக்கும் ஆளாகாதவர்களில் இது 5 சதவீதம்தான்.

'அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே படிக்காதவர்கள், அதனால்தான்' என்று சொல்லலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். வட கரோலினாவின் ஷார்லட் நகரத்து ஆய்வைப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறியது. 2002இல் அங்கே பள்ளி எல்லைகளை மாற்றி வரைந்தார்கள். அதனால் ஒரே அக்கம்பக்கத்தில் வளர்ந்த, ஏறக்குறைய ஒரே மாதிரிப் பிள்ளைகள் வேறு வேறு பள்ளிகளுக்குப் போக நேர்ந்தது. அதிகம் நீக்கும் பள்ளிக்குப் போனவர்கள் பெரியவர்களானதும் கைதாகிச் சிறை செல்லும் வாய்ப்பு 15 முதல் 20 சதவீதம் கூடியிருந்தது. வேறுபட்டது பிள்ளைகளின் குணம் அல்ல, அவர்களுக்கு வாய்த்த பள்ளி. அமெரிக்க உளவியல் கழகத்தின் குழுவும் 2006இல் இந்தக் கடும் கொள்கைகளால் பள்ளிகள் பாதுகாப்பானதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றுதான் சொன்னது.

காரணத்தைத் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளை எங்கே போகிறது? என் மகனை அனுப்பினால் நான் வீட்டில் இருப்பேன், பாடத்தைப் பார்த்துக்கொள்வேன். அந்தக் கணக்குச் சிறுமியின் அம்மா விடிவதற்கு முன்பே வேறொருவர் வீட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். தற்காலிக நீக்கம் ஏழு பள்ளி நாள்வரை போகலாம். வீட்டில் யாரும் இல்லாத ஏழு பள்ளி நாட்கள் என்பது, தெருமுனையில் ஷுகர்ஸ் விற்கிறவனுக்கு நாமே கொடுக்கும் ஏழு நாள். போதையிலிருந்து காப்பாற்ற என்று எழுதிய விதி பிள்ளையை அவன் பக்கம் தள்ளிவிடுகிறது. முதல் வரைவில் என்னை ரொம்பவும் உறுத்துவது இதுதான். தண்டனை எல்லாருக்கும் ஒன்று போலத் தெரிகிறது. ஆனால் வீட்டில் ஆள் இல்லாத பிள்ளைக்குத்தான் அது முழுக் கனத்தோடு விழுகிறது.

சீருடைக்கான 3 புள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருந்த என் மகள் கையில் காப்புக் கட்டியிருந்தாள். காவடி இறக்கும்வரை அதை அவிழ்க்கக் கூடாது. வகுப்பில், "நகை போட அனுமதி இல்லை, மறைத்துக்கொள்" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் புழுக்கத்தில் முழுக்கை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் கழற்றியபோது காப்பைச் சுற்றி வேர்க்குருவாகச் சிவந்திருந்தது. அவள் அழவில்லை. "அடுத்த வருஷம் காப்புக் கட்ட வேண்டாம்மா" என்றாள்.

இந்த நாட்டில் இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே பதில் கிடைத்திருக்கிறது, அதுவும் ஒரு தமிழ்க் குடும்பத்தால். டர்பன் கேர்ள்ஸ் ஹை ஸ்கூலில் படித்த மாணவி ஒருத்தி 2004 விடுமுறையில் மூக்குக் குத்திக்கொண்டு வந்தாள். பெண் வயதுக்கு வந்ததும் மூக்குத்தி போடுவது எங்கள் குடும்ப வழக்கம், பதினாறு வயதில் பாட்டி அதை மாற்றி வைரமூக்குத்தி போட்டுவிடுவார் என்று அவளுடைய அம்மா விளக்கினார். பள்ளி ஏற்கவில்லை. சமத்துவ நீதிமன்றத்தில் பள்ளி வென்றது, பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்தில் குடும்பம் வென்றது. கடைசியில் 2007 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தலைமை நீதிபதி பயஸ் லாங்கா எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, விலக்கு மறுத்தது நியாயமற்ற பாகுபாடு என்றது. அந்த மூக்குத்தியால் பள்ளி ஒழுங்கு குலைந்ததாகக் காட்ட முடியவில்லை. மத, பண்பாட்டுக் காரணங்களுக்கு விலக்குக் கேட்கும் வழிமுறையை விதிகளிலேயே எழுதிவைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார்கள். 'விலக்கு கிடையாது' என்று எழுதிய எங்கள் முதல் வரைவு அந்த ஒரு வரியிலேயே இடறுகிறது. 2016இல் பிரிட்டோரியா கேர்ள்ஸ் ஹை பள்ளியில் கறுப்பின மாணவிகள் தங்கள் இயற்கையான முடிக்காகப் போராட்டத்தில் இறங்கியதும் இதே மாதிரி ஒரு விதியை எதிர்த்துத்தான்.

இரண்டாவது வரைவைப் புரிந்துகொள்ள, அந்த முறையைப் பின்பற்றும் இன்னொரு பள்ளிக்கு அனுமதி வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். இரண்டு பையன்களுக்குள் சண்டை. ஒருவன் மற்றவனின் பிளேசர் பையைக் கிழித்துவிட்டான். ஓர் ஆசிரியை, இரண்டு பையன்கள், இரண்டு அம்மாக்கள், வகுப்புத் தோழன் ஒருவன் என்று வட்டமாக உட்கார்ந்தார்கள். என்ன நடந்தது, அதனால் யாருக்கு என்ன ஆனது, சரிசெய்ய என்ன செய்யலாம் என்று மூன்றே கேள்விகள். கிழித்தவன் முதல் கால்மணி நேரம் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மற்றவன், "அது என் அண்ணன் போட்ட பிளேசர், புதுசு வாங்க எங்ககிட்ட காசில்லை" என்று சொன்னபோதுதான் நிமிர்ந்தான். கிழித்தவனின் அம்மா அங்கேயே கைப்பையிலிருந்து ஊசிநூலை எடுத்தார். கருநீலத் துணியில் கறுப்பு நூல். மகனைத் துணியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லித் தைத்து முடித்தார். மொத்தம் ஐம்பது நிமிஷம் ஆனது.

எங்கள் கூட்டத்தில் ஒருவர் இதை, "ஊர்ப் பஞ்சாயத்துதானே" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பஞ்சாயத்தில் பெரியவர்கள் பேசுவார்கள், பிள்ளை கைகட்டி நிற்கும். இங்கே பிள்ளைதான் பேச வேண்டும். சொல்லப்போனால் வாயைத் திறக்காமல் அடி வாங்கிக்கொண்டு போவது அந்தப் பையனுக்கு இதைவிடச் சுலபமாக இருந்திருக்கும். இந்த முறையை மென்மையானது என்று சொல்கிறவர்கள் ஒரு முறை அந்த வட்டத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஆனால் இதையும் முழுக்கத் தூக்கிப்பிடிக்க மாட்டேன். அந்த ஐம்பது நிமிஷம் எங்கிருந்து வரும்? அந்த ஆசிரியைக்கு அது பாடம் இல்லாத நேரம். எங்கள் பள்ளியில் அப்படி ஒரு நேரம் யாருக்கும் இல்லை. பிட்ஸ்பர்க்கில் 44 பள்ளிகளில் இதைச் சோதித்து 2018இல் முடிவு வெளியிட்டார்கள். நீக்கங்கள் குறைந்தன, பள்ளிச் சூழல் மேம்பட்டதாக ஆசிரியர்கள் சொன்னார்கள். ஆனால் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் மார்க் குறைந்தது. தென்கிழக்கு இங்கிலாந்தில் 40 பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவும் அதே ஆண்டு வந்தது. அங்கே சீண்டல், கேலிக்கொடுமை சற்றுக் குறைந்தது. முரட்டுத்தனத்தில் தெளிவான மாற்றம் தெரியவில்லை. பலன் உண்டு, அதிசயம் இல்லை.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று எனக்கு உண்டு. மாதக்கணக்கில் கொடுமைக்கு ஆளான பிள்ளையை, கொடுமை செய்தவன் எதிரே உட்கார வைத்து "பேசு" என்றால் அது இன்னொரு கொடுமை. பாலியல் சீண்டலுக்கு இந்த முறையை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. இரண்டாவது வரைவு எல்லாக் குற்றத்துக்கும் வட்டம் என்கிறது. அதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஆகவே என் வாக்கு மூன்றாவது வரைவுக்கு. ஆயுதம், போதைப்பொருள் விற்பனை, காயம்படுத்தும் வன்முறை, பாலியல் துன்புறுத்தல், இந்த நான்கில் எந்தத் தயக்கமும் வேண்டாம். அங்கேயும் சட்டம் போட்ட வரம்பு உண்டு. சந்தேகத்தின்பேரில் நிறுத்திவைக்கும் முன் பிள்ளை தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். ஏழு பள்ளி நாட்களுக்குள் விசாரணை நடக்க வேண்டும். குற்றம் உறுதியானாலும் ஆட்சிக்குழு ஏழு பள்ளி நாட்களுக்கு மேல் நீக்க முடியாது. நிரந்தரமாக நீக்கும் அதிகாரம் மாகாணக் கல்வித் துறைத் தலைவருக்கு மட்டும்தான். கட்டாயக் கல்வி வயதுப் பிள்ளையென்றால் வேறு பள்ளியில் இடம் தேடித் தருவதும் அவர் கடமை. பிரின்சிபால் "நாளைலேருந்து வராதே" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்புவது சட்டப்படி செல்லாது. இது பல பெற்றோருக்குத் தெரியாமல், பேசாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

போதை விஷயத்தில் விற்கிறவனையும் உட்கொள்கிறவனையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நியாயமான சந்தேகம் இருந்தால் சோதனையிடவும் பரிசோதிக்கவும் சட்டத்தின் 8ஏ பிரிவு இடம் கொடுக்கிறது. பெண் பிள்ளையைப் பெண்ணும் ஆண் பிள்ளையை ஆணும், மறைவான இடத்தில், இன்னொரு பெரியவர் சாட்சியாக இருக்கும்போதுதான் சோதிக்கலாம். பரிசோதனை நடந்தால் ஒரு வேலை நாளுக்குள் பெற்றோருக்குச் சொல்லிவிட வேண்டும். அதில் தெரியவந்ததை வைத்துப் பிள்ளைமேல் பள்ளி குற்ற வழக்குப் போட முடியாது. சிகிச்சைக்கு வழி திறக்கட்டும் என்றுதான் சட்டமே அப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

மற்றதெல்லாம் பள்ளிக்குள். தாமதமாக வந்தால் கேட் திறந்தே இருக்கும். பேரேட்டில் எழுதிவிட்டு நேரே வகுப்புக்குப் போய், இழந்த நேரத்தை இடைவேளையில் ஈடுகட்டட்டும். வாரத்தில் மூன்று நாள் தாமதமென்றால் யாராவது வீட்டுக்குப் போன் பண்ணிக் காரணம் கேட்கட்டும். சீருடை இல்லையென்றால் ஆபீஸ் அலமாரியில் பழைய சட்டைகள் இருக்கட்டும், பிரிந்துபோகும் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) பிள்ளைகளிடம் கேட்டால் கொடுப்பார்கள். போனை வாங்கி வைத்துச் சாயங்காலம் கொடுத்துவிடலாம். சண்டைக்கும் பொருள் சேதத்துக்கும் மட்டும், பாதிக்கப்பட்ட பிள்ளை மனமுவந்து ஒப்புக்கொண்டால், உட்கார்ந்து பேசும் முறை. அப்படிச் சுருக்கினால் வாரத்துக்கு ஒன்றிரண்டுதான் வரும். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இரண்டு பேர் நடத்தித் தர முன்வந்திருக்கிறார்கள்.

செலவைப் பற்றிக் கேட்கிறார்கள். புள்ளி முறைக்குக் காசு ஆகாது என்பது கணக்கில் வராத செலவை மறந்துவிட்டுச் சொல்வது. மூன்றாவது வரைவுக்கு ஒரு அலமாரி, ஒரு பேரேடு, போன் பில், காலையில் கேட்டருகே நிற்க ஓர் ஆள் வேண்டும். இந்த ஊரின் பழைய பள்ளிகள் பலவற்றை, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கைக்காசு போட்டு எழுப்பினார்கள். அவர்களை வெளியே நிறுத்திய கதவுகள் நிறைய இருந்ததால்தான் தாங்களே பள்ளி கட்டினார்கள். காலையில் நிற்கும் ஆளாக வாரத்தில் இரண்டு நாள் நான் வருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்று அப்பாக்களும் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் பள்ளியிலும் இந்தப் பேச்சு வந்தால், எந்த வரைவு நல்லது என்று பார்ப்பதற்கு முன்னால் போன வருஷத்து நீக்கப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். எதற்காக நீக்கினார்கள், எத்தனை முறை அதே பிள்ளை, திரும்பி வந்தபின் என்ன ஆனது என்று பாருங்கள். எங்கள் பதிவேட்டில் அதே சில பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. நீக்கம் அவர்களைத் திருத்தியிருந்தால் பெயர் இரண்டாம் முறை வந்திருக்காது. மாணவர் பிரதிநிதிகளையும் பேச விடுங்கள். எட்டாம் வகுப்போ அதற்கு மேலோ உள்ள பள்ளிகளில் அவர்களும் ஆட்சிக்குழு உறுப்பினர்கள்தான். எங்கள் கூட்டத்தில் காலை டாக்ஸி எப்படி ஓடுகிறது என்று தெரிந்து பேசியது அவர்கள் மட்டும்தான்.

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கூட்டம். கேட் விஷயத்தை முதலாவதாக எடுத்துக்கொள்ளச் சொல்லியும், அந்தச் சிறுமிக்கு டெஸ்ட்டைத் திரும்ப வைக்கச் சொல்லியும் பிரின்சிபாலுக்கு எழுதியிருக்கிறேன்.